ஆங்கிலத்துக்கு மூன்றை அழுத்தவும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஆங்கிலம் படிக்கத் தொடங்கியது அறிவை வளர்க்கவும் இல்லை, வெளிநாடு போகவும் இல்லை. பொறாமையில் தொடங்கினேன். இதை நான் என் கணவரிடம்கூட ஒப்புக்கொண்டதில்லை. அவர் கேட்டபோது, “பிள்ளைக்கு உதவியா இருக்குமெல்லே” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னேன்.

பொறாமை என் கணவருடைய தம்பியின் மனைவி மேல். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் இரண்டு குடும்பமும் இருக்கிறோம். நாங்கள் இரண்டாம் மாடி, அவர்கள் நாலாம் மாடி. அவள் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண். தகப்பன் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் என்பதால் ஆங்கிலம் அவளுக்கு வாயைத் திறந்தால் வரும். அதற்காகப் பெருமையடித்து எழுப்பம் காட்டுகிறவளும் இல்லை. எழுப்பம் காட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், மனம்விட்டு வெறுத்திருக்கலாம். அவளுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு ஒரே ஒரு மகள், அப்போது பத்து வயது. பிள்ளையில்லாத ஒருத்தி மேல் பிள்ளை விஷயத்தில் பொறாமைப்படுவது எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பொறாமைப்பட்டேன்.

நான் கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து பதின்மூன்று வருடம். வந்த இரண்டு வருடத்திலேயே சிங்களம் பிடித்துவிட்டேன். மீன்காரனோடும் பஸ் கொண்டக்டரோடும் சண்டை பிடிக்கப் பிடிக்க அது தானாக வந்தது. ஆங்கிலத்தில் சண்டை பிடிக்க எனக்கு ஒருவரும் அகப்படவில்லை. அதனால் அது வரவில்லை.

மகளை ஆங்கில மீடியத்தில் போட்டது என் கணவரின் பிடிவாதம். அவர் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை செய்கிறார். பிள்ளை நாளைக்கு எங்கே போனாலும் பிழைக்க வேண்டும் என்று நின்றார். அந்தப் பள்ளிக்கூடத்தில் கேற்றுக்கு உள்ளே ஆங்கிலம் மட்டும்தான் கதைக்கலாம் என்று பலகையே மாட்டியிருக்கிறார்கள். பெற்றாருக்கும் அதே சட்டம். ஒவ்வொரு தவணையும் முடியும்போது, தாய் தகப்பனில் ஒருவர் பிள்ளையோடு வகுப்பு டீச்சரின் முன்னால் பத்து நிமிடம் இருக்க வேண்டும். எப்போதும் என் கணவர்தான் போவார். நான் கேற்றுக்கு வெளியே ஓட்டோக்காரர்களோடு சிங்களத்தில் கதைத்துக்கொண்டு நிற்பேன்.

போன வருடம் ஒரு தவணையில் அந்தக் கூட்டத்தன்று அவருக்கு அம்பாந்தோட்டையில் வேலை. நான்தான் போயிருக்க வேண்டும். முதல்நாளே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. நாலாம் மாடிக்கு ஏறிப் போனேன்.

“எனக்கு நாளைக்குக் கொஞ்சம் ஏலாமல் இருக்கு. நீர் ஒருக்கா பிள்ளையோட போட்டு வாரும்” என்றேன்.

“அதுக்கென்னக்கா, நான் போறேன். நீங்க படுங்க” என்றாள்.

நானே அனுப்பினேன். ஒருவரும் என்னிடமிருந்து பறிக்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் அதைச் சுத்தமாக மறந்துபோனேன்.

அடுத்த நாள் பின்னேரம் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஐஸ் கோப்பி போத்தலோடு படியேறி வந்தார்கள். என் மகள் அவளுடைய கையைப் பிடித்திருந்தாள். பத்து வயதானதும் என் கையை விட்டவள் அவள். ஒழுங்கையில் நான் கையை நீட்டினால், “எல்லாரும் பார்க்கினம் அம்மா” என்று இழுத்துக்கொள்வாள். சித்தியின் கையைப் பிடித்தால் மட்டும் ஒருவரும் பார்க்க மாட்டார்களாக்கும்.

“டீச்சர் என்ன சொன்னவ?” என்று கேட்டேன்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. நல்ல பிள்ளைன்னு சொன்னாங்க.”

சொல்லிவிட்டு அவள் என் மகளைப் பார்த்தாள், மகள் அவளைப் பார்த்தாள். அவ்வளவுதான். அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளே ஆங்கிலத்தில் இரண்டு பேருக்கும் என்னவோ பகிடி நடந்திருக்கிறது, இந்த யாழ்ப்பாணத்து மனிசிக்கு அது விளங்காது என்று விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். அன்று இரவு என் கணவர் போன் எடுத்தபோது, கூட்டம் எப்படி என்று கேட்டார். “உங்கட தம்பி பெஞ்சாதியிட்ட கேளுங்கோ, எனக்கென்ன தெரியும்” என்று வைத்துவிட்டேன். அந்த மனிதனுக்குத் தான் என்ன பிழை செய்தேன் என்று கடைசிவரைக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு பின்னேரங்கள் எனக்கு நரகம். பள்ளிக்கூட வான் வண்டியிலிருந்து இறங்கி, உடுப்பு மாற்றி, சோறு தின்றதும் மகள் வீட்டுப்பாடக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடுவாள். படியில் நின்றால் சத்தம் கேட்கும். ஆங்கிலம், சிரிப்பு, பிறகு கொஞ்சம் அமைதி, பிறகு திரும்பவும் ஆங்கிலம். நான் ஒரு கிண்ணத்தில் எதையாவது போட்டுக்கொண்டு ஏறிப் போவேன். ஒரு நாள் வடை, ஒரு நாள் பப்பாசிப்பழம், ஒன்றும் இல்லாத நாளில் கறிவேப்பிலை. கதவு திறந்ததும் இருவரும் தமிழுக்கு மாறிவிடுவார்கள். வந்த ஆளுக்குக் கதிரை இழுத்துப் போடுகிற மாதிரி எனக்காகத் தமிழை இழுத்துப் போடுவார்கள். அந்த மரியாதைதான் எனக்கு ஆகவே ஆகவில்லை.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு ஒன்றுக்குப் போய்ப் பார்த்தேன். பெரிய தெருவான காலி வீதியில், மருந்து விற்கிற ஒரு பாமசிக்கு மேலே நடக்கிறது. உள்ளே இருந்ததெல்லாம் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். ஒருவர் கனடா, ஒருவர் லண்டன், இன்னொருவர் அவுஸ்திரேலியா. எல்லோரும் எழும்பி, தாங்கள் ஏன் ஆங்கிலம் படிக்கிறோம் என்று சொல்ல வேண்டுமாம். என் முறை வந்தது. நான் எங்கேயும் போகவில்லை, இரண்டு மாடி மேலே இருக்கிற ஒருத்தியை வெல்ல வந்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? அதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்திருந்தால் நான் அங்கே வந்திருக்கவே மாட்டேன். தலையிடி என்று கையால் காட்டிவிட்டு வந்தவள்தான், திரும்பிப் போகவில்லை.

வழி வேறு பக்கத்தால் கிடைத்தது. ஒரு நாள் காலையில் வீட்டு இன்டர்நெட் நின்றுபோயிற்று. கம்பனிக்கு போன் எடுத்தேன். இந்த நாட்டில் எங்கே எடுத்தாலும் முதலில் ஒரு குரல் வந்து பாஷையைக் கேட்கும். சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு, ஆங்கிலத்துக்கு மூன்று. பதின்மூன்று வருடமாக என் விரல் இரண்டைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. அன்று கையில் வெங்காய ஈரம். விரல் வழுக்கி மூன்றில் விழுந்துவிட்டது.

“குட் மோர்னிங் மேடம், ஹவ் மே ஐ ஹெல்ப் யூ?” என்றான் ஒரு பொடியன்.

மேடம் என்று என்னை யாரும் அதற்கு முதல் கூப்பிட்டதில்லை. அக்கா, அன்ரி, அம்மா, மீன்கடையில் நோனா, இவ்வளவுதான். பயத்தில் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு குசினிக்குள் நின்று தனியாகச் சிரித்தேன். அடுத்த நாள் இன்டர்நெட் அந்த மாதிரி, ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. நான் திரும்ப எடுத்து, துடைத்த விரலால் மூன்றை அழுத்தினேன்.

யோசித்துப் பாருங்கள், இதைவிட நல்ல வாத்தியார் எங்கே கிடைப்பார்? அவர்களுக்கு என் முகம் தெரியாது. போனை நடுவில் வைக்க முடியாது, கோபப்பட முடியாது. என் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரிக்காமல் இருப்பதற்கே சம்பளம் வாங்குகிற ஆட்கள் அவர்கள். நான் பிழையாகச் சொன்னாலும் ‘சொரி மேடம்’ என்று அவர்கள்தான் மன்னிப்புக் கேட்பார்கள். கலியாணம் முடித்த நாளிலிருந்து எனக்கு அந்தச் சுகம் கிடைத்ததில்லை.

மகளுடைய தடித்த அட்டை போட்ட பழைய சீஆர் கொப்பி ஒன்றை எடுத்துக் கடைசிப் பக்கங்களில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். மை இன்டர்நெட் இஸ் வெரி ஸ்லோ. இட் வோஸ் ஓல்ரைட் யெஸ்டர்டே. சின்ஸ் மோர்னிங் இட் இஸ் லைக் திஸ். பத்து மணிக்கு வீட்டில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். கதவைப் பூட்டி, விசிறியை நிற்பாட்டி, கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு நம்பரை அழுத்துவேன். முதல் கிழமை எழுதியதை வாசித்தேன். இரண்டாம் கிழமை பார்க்காமல் சொன்னேன். ஒரு நாள் ஒரு பெண்பிள்ளை, ரவுட்டரில் எரிகிற லைற் என்ன நிறம் என்று கேட்டாள். அது கொப்பியில் இல்லை. எட்டிப் பார்த்து, “க்ரீன்” என்றேன்.

“தென் இட் இஸ் வேர்க்கிங், மேடம்.”

“யெஸ்” என்றேன். பிறகு எனக்கே விளங்காத ஒரு தைரியத்தில், “இட் இஸ் வேர்க்கிங். பட் ஐ ஆம் நொட் ஹெப்பி” என்றேன்.

“ஐ அண்டர்ஸ்டாண்ட், மேடம்” என்றாள். உண்மையாகவே விளங்கினது போலத்தான் சொன்னாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வைத்தேன்.

என் களவுப் படிப்பின் மற்றப் பாதி மாடிப்படியில் நடந்தது. அவள் என் மகளோடு கதைக்கும் சின்னச் சின்ன வார்த்தைகளைப் படியில் நின்று பொறுக்கினேன். நெவர் மைண்ட். டேக் யுவர் டைம். தட்ஸ் ஓல்ரைட், ட்ரை அகேன். கேட்டதும் கீழே ஓடிவந்து எழுதுவேன். ஒரு நாள் மகள் பசியோடு வந்து நிற்க, சோறு இன்னும் இறங்கவில்லை. “தாங்க் யூ ஃபோர் யுவர் பேஷன்ஸ்” என்று சொல்லிப் பார்த்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“என்னம்மா, போன் கம்பனிக்காரங்கள் மாதிரிக் கதைக்கிறீங்க?”

“ஏன், உன்ர சித்தி மட்டும்தான் கதைக்கலாமோ?” என்று பாய்ந்தேன்.

அவள் போய்க் கை கழுவினாள். நான் சட்டி மூடியைத் தேவையில்லாமல் சத்தமாக வைத்தேன்.

களவு பிடிபட்ட விதத்தைச் சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். ஒரு சனிக்கிழமை காலை அவள் கீழே வந்து, என் வீட்டில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பெல் அடித்தது. தோளில் பையும் கையில் ஏணியுமாக ஒரு சிங்களப் பையன். இன்டர்நெட் கம்பனியிலிருந்து வருகிறானாம்.

“ஒன்றும் உடையவில்லையே மல்லி” என்று, தம்பி முறை வைத்துச் சிங்களத்தில் சொன்னேன்.

அவன் போனைப் பார்த்தான். இந்த நம்பரிலிருந்து இருபது நாளுக்குள் பதினொரு முறைப்பாடு, எல்லாம் ஆங்கிலத்தில், யாரோ ஒரு மேடம் எடுக்கிறார், மேலிடத்தில் எல்லோரும் பயந்துபோய் இருக்கிறார்கள், எதற்கும் முழு லைனையும் மாற்றிவிட்டு வரச் சொன்னார்கள் என்றான். அந்த மேடம் வீட்டில் இருக்கிறாரா என்றும் கேட்டான். என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டான், படுபாவி.

நான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே அவள் விளங்கிக்கொண்டாள் என்று தெரிந்தது. பையன் வயரை மாற்றிவிட்டுப் போவதற்குள் அவள் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தாள். போன பிறகு மெதுவாக, “அக்கா, என்னோட கதைச்சுப் பழகியிருக்கலாமே. நான் சும்மாதானே இருக்கேன்” என்றாள்.

“நான் ஏன் உம்மோட கதைச்சுப் பழக வேணும்? எனக்கென்ன விசரே?” என்றேன்.

அவள் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு மேலே போனாள். அவள் மகளிடம் இதைச் சொல்வாள், இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்று ஒரு கிழமை காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அடுத்த தவணைக் கூட்டத்துக்கான கடிதம் வந்தது. மகள் பையிலிருந்து எடுத்து என்னிடம் தராமல் தகப்பனிடம் கொடுத்தாள். அவர் வாசித்துவிட்டு, அன்றைக்குக் கப்பல் ஒன்று வருகிறது, லீவு எடுக்க ஏலாது என்றார்.

“அப்ப சித்தி வரட்டும்” என்றாள் மகள். யோசிக்கவே இல்லை.

“ஏன், நான் செத்தே போனன்?”

“இல்லையம்மா... போன முறையும் சித்திதானே வந்தவ.”

“போன முறை எனக்கு ஏலாமல் இருந்தது. இந்த முறை நான் வாறன்.”

“உங்களுக்கு அங்க கஷ்டமா இருக்கும்.”

“எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. உனக்குத்தான் வெட்கமா இருக்கு. அதைச் சொல்லு.”

அவள் தகப்பனைப் பார்த்தாள். அவர் கடிதத்தை இன்னொரு தடவை வாசிப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார். மகளின் கண் கலங்கியிருந்தது. அதைக் கண்ட பிறகும் நான் விடவில்லை. என் பிள்ளையின் பக்கத்தில் அந்தக் கதிரையில் நான் இருக்க வேண்டும். அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது. அதற்காக ஐந்து வசனங்களை எழுதி, பத்து நாள், குளிக்கும்போதும் தேங்காய் துருவும்போதும் மனப்பாடம் பண்ணினேன்.

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில். ஒவ்வொரு டீச்சருக்கும் ஒரு மேசை, முன்னால் இரண்டு கதிரை. எங்களுடைய டீச்சர் சிங்களப் பெண், என்னைவிட இளமை. அவளுக்கு முன்னால் போய் இருந்ததும் நான் தொடங்கினேன்.

“குட் ஆஃப்டர்நூன், மிஸ். ஐ ஆம் ஹேர் மதர்.”

மதர் என்பதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னேன். இங்கே போன முறை வந்து இருந்தவள் தாய் இல்லை என்று அந்த மேசைக்கும் கதிரைக்கும் தெரியட்டும். டீச்சர் சந்தோஷமாகச் சிரித்தாள். புள்ளிகளைக் காட்டினாள். கணக்கு நல்லம், சயன்ஸ் நல்லம், சிங்களம் கொஞ்சம் போதாது. மகள் ஒவ்வொன்றையும் எனக்குத் தமிழில் திருப்பிச் சொன்னாள். சொல்லத் தேவையில்லை, எனக்கு முக்கால்வாசி விளங்கியது. விளங்குகிறது என்று காட்டிக்கொள்ளாமல் இருந்தேன். கடைசியில் என் ஐந்தாவது வசனத்தைச் சொல்லி இரண்டு பேரையும் மலைக்க வைக்கலாம் என்று திட்டம்.

அப்போது டீச்சர் பேனையைக் கீழே வைத்தாள். குரலைக் குறைத்தாள்.

“ஷீ சிட்ஸ் அலோன் இன் த இன்டர்வல். எவ்ரி டே. சம்டைம்ஸ் ஷீ க்ரைஸ். ஐ டோல்ட் யுவர் சிஸ்டர் லாஸ்ட் டேர்ம்.”

அதில் எனக்குத் தெரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை. இடைவேளையில் தனியாக இருக்கிறாள். ஒவ்வொரு நாளும். சில நாள் அழுகிறாள். போன தவணை உங்கள் தங்கச்சியிடம் சொன்னேன். என் வாழ்க்கையில் முதன்முதலாக ஒருவர் சொன்ன ஆங்கிலம் முழுவதும், ஒரு சொல் மிச்சமில்லாமல் எனக்கு விளங்கியது.

நான் மகளைப் பார்த்தேன். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு, “இன்டர்வலில நான் அமைதியா இருப்பனாம். குழப்படி இல்லையாம்” என்று எனக்குத் தமிழில் சொன்னாள். அவளுடைய காது சிவந்துபோய் இருந்தது.

தாய் என்றால் அந்த இடத்தில் பிள்ளை அழுததைத்தான் முதலில் நினைக்க வேண்டும். நான் அதை நினைக்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். போன தவணையிலிருந்து தெரியும். ஐஸ் கோப்பியும் கையுமாக வந்து, எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். மூன்று மாதமாக என் பிள்ளையின் கண்ணீர் நாலாம் மாடிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நெஞ்சுக்குள் அப்படி எரிந்தது. பிள்ளை அழுதாள் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது, உறைத்தபோது இரண்டு மடங்காக உறைத்தது.

ஐந்து வசனமும் எங்கேயோ பறந்துபோயிற்று. நான் சிங்களத்தில் கேட்டேன். எத்தனை நாளாக? ஏன்? யார் செய்தது?

டீச்சர் திடுக்கிட்டு, பலகை மாட்டியிருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவளும் சிங்களத்துக்கு இறங்கினாள். வகுப்பில் ஐந்தாறு பெண்பிள்ளைகள் ஒரு கூட்டமாம். வீட்டிலேயே ஆங்கிலம் கதைக்கிற பிள்ளைகள். என் மகள் எதைச் சொன்னாலும் அதே இழுவையில் திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்களாம். அதனால் அவள் இடைவேளையில் வாயைத் திறப்பதில்லையாம். தான் அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கண்டித்ததாகவும், கொஞ்சம் குறைந்திருப்பதாகவும் சொன்னாள்.

“எந்தப் பிள்ளைகள்? பேரைச் சொல்லுங்கள். தாய்மார் இங்கேதானே இருப்பார்கள்?” என்றேன். என் குரல் ஏறிவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் பாதி எழும்பியும் விட்டேன். அப்போது மகள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, ப்ளீஸ். இருங்க. ப்ளீஸ்.”

நான் இருந்தேன். டீச்சருக்கு நன்றி சொன்னோமா, சொல்லவில்லையா என்று எனக்கு ஞாபகம் இல்லை.

வெளியே வந்து ஓட்டோ பிடிக்காமல் காலி வீதியால் நடந்தோம். பஸ் சத்தத்தில் கொஞ்ச தூரம் பேசாமல் வரலாம் என்று நினைத்தேன். என்னால் முடியவில்லை.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

அவள் பையைத் தோளில் இழுத்துப் போட்டாள்.

“எனக்கு இங்கிலீஷ் தெரியாதெண்டோ? இங்கிலீஷில நடந்தது எனக்கு விளங்காதெண்டோ சித்தியிட்ட சொன்னனி?”

“இல்லையம்மா.”

“அப்ப ஏன்?”

அவள் நடந்துகொண்டே சொன்னாள். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. “உங்களுக்குச் சொன்னா நீங்க கோவிப்பீங்க. சத்தம் போடுவீங்க. பிறகு நான்தான் உங்களை ஆத்தோணும். சித்தி ஒண்டும் சொல்லமாட்டா. சும்மா பக்கத்தில இருப்பா.”

எனக்கு அப்போதே சத்தம் போட வேண்டும்போல இருந்தது. நான் எப்போது சத்தம் போட்டேன் என்று கேட்டுச் சத்தம் போட வேண்டும்போல இருந்தது.

“இங்கிலீஷில தானே எல்லாம் சொல்லுவாய் அவவுக்கு” என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் வந்தது.

“தமிழிலதான் சொன்னனான்” என்றாள். “அழுகிற நேரம் இங்கிலீஷ் வராதம்மா.”

நான் நடையை நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த ஒருவர் என்னில் மோதி, சொரி சொல்லிவிட்டுப் போனார். மாதக்கணக்காகக் கதவைப் பூட்டிக்கொண்டு நான் படித்ததெல்லாம் என்ன? படியில் ஒளித்து நின்று எழுதியதெல்லாம் என்ன? அந்த மேல்வீட்டில் நடந்ததில் முக்கியமானதெல்லாம் என் சொந்தப் பாஷையில்தான் நடந்திருக்கிறது. சிரிப்புக்கும் சிரிப்புக்கும் நடுவில் கேட்ட அந்த அமைதியில், என் பிள்ளை தமிழில் அழுதிருக்கிறாள். நான் கறிவேப்பிலையோடு போய் நின்றிருக்கிறேன்.

ஒழுங்கைக்குள் திரும்பினோம். நான் வாயை மூடிக்கொண்டு வந்தேன். கேள்வி கேட்காமல், புத்தி சொல்லாமல், யாரையும் திட்டாமல் நூறு யார் தூரம் நடப்பது எனக்கு எவ்வளவு பாடு என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பாதி ஒழுங்கையில் அவள் தானாக, “இப்ப கொஞ்சம் பரவாயில்லையம்மா. ஒரு பிள்ளை என்னோட சாப்பிடுறவ” என்றாள். “ம்” என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் மாடியில் நான் திறப்பை எடுத்துக் கதவைத் திறந்தேன். அவள் கதவடியில் நின்றாள், உள்ளே வரவில்லை.

“நான் மேல போட்டு வரட்டே?”

வேண்டாம் என்று நாக்கின் நுனிவரை வந்தது. “போட்டு வா” என்றேன்.

நான் உடுப்புக்கூட மாற்றவில்லை. குசினியில் போய் அரிசியைக் கழுவினேன், கழுவிய அரிசியையே திரும்பவும் கழுவினேன். மேலே போய்ச் சண்டை பிடிக்கலாம். ஏன் எனக்கு மறைத்தீர் என்று கேட்கலாம். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். பிள்ளை சொல்ல வேண்டாமென்று கேட்டாள் அக்கா என்பாள். அரிசியை அடுப்பில் வைத்தேன்.

முக்கால் மணித்தியாலம் கழித்து மகள் இறங்கி வந்தாள். முகம் கழுவியிருந்தாள், கண்மடல் வீங்கியிருந்தது. பசிக்கிறது என்றாள். சோறு போட்டேன். பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, ஒன்றும் பேசாமல் இருந்தேன். அவள் தலை நிமிர்த்தி, “என்னம்மா?” என்றாள், கொஞ்சம் பயந்த குரலில். நான் சும்மா இருப்பது என் பிள்ளைக்கே பயமாக இருந்தது.

இது நடந்து இரண்டு தவணை ஆகிறது. நான் இன்னும் சும்மா இருந்து பழகுகிறேன். முன்னேற்றம் கொஞ்சம் உண்டு என்று என் கணவர் சொல்கிறார். பள்ளிக்கூடத்துக்கும் நான்தான் போகிறேன். டீச்சர் சொல்வதை மகள் இப்போது மாற்றிச் சொல்வதில்லை. ஆனால் அழ வேண்டும் என்று வந்தால், என் பிள்ளை இன்னும் இரண்டு மாடி ஏறித்தான் போகிறாள்.